ஆட்சேபணை நிறைய இருக்கு

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், தாயி. அந்தச் சீட்டில் இருந்தால் டவுன் போய்ச் சேருகிறவரைக்கும் வெயில் கூடவே வரும். இங்கேயும் வரும், வராது என்று சொல்லவில்லை. கொஞ்சம் தாமதமாக வரும். கம்பியைப் பிடிக்காதீர்கள், சுடும். முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.

நான் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும். எங்கள் ஊர்த் தலைவர் காந்திராசு அங்கே காத்திருப்பார். அவர் காரில் முன்னாடியே போய்விட்டார். காரில் இடம் இருந்தது. ஆனால் என்னை ஏற்றிக்கொண்டு போனால், தலைவர் கூட்டிக்கொண்டு வந்து சொல்லவைத்தார் என்று ஆகிவிடுமாம். நானாக பஸ் ஏறி, நானாக இறங்கி, நானாகச் சொன்ன மாதிரி இருக்க வேண்டுமாம்.

என்ன சொல்ல வேண்டுமா? நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள், முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? செல்லில் பார்த்திருப்பீர்கள். பந்தலுக்குள் ஒரு பொம்பளை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, பச்சைச் சேலை, அது நான்தான். நம்புத்தாய், சிப்பிவலசை. அந்தச் சேலையை இப்போது கட்டுவதே கிடையாது. கட்டினால் டீக்கடைக்காரன்கூட, "என்னக்கா, இன்னைக்கு எங்க மீட்டிங்?" என்கிறான்.

எனக்குப் பேசத் தெரியாது, தாயி. புலம்பத் தெரியும். இரண்டும் வேறு வேறு. நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கடல்தான். எங்கள் ஊர்ப் பொம்பளைகளுக்குப் பாசி எடுக்கிற தொழில். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, விரலுக்கெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாரில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற கல். அதைக் கல் என்று சொல்லாதே, அதற்கு உயிர் இருக்கிறது என்பாள் என் நாத்தனார் சீனியம்மா. அவள் நிறையச் சொல்வாள். அவளுக்கும் எனக்கும் ஒரு சண்டை. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஊருக்கு வடக்கே கரண்டு கம்பெனி இருக்கிறது. கரியை எரித்துக் கரண்டு எடுக்கிற கம்பெனி. என் மகன் களஞ்சியம் அங்கேதான் காண்ட்ராக்டில் இருக்கிறான். பெல்ட்டில் கரி ஓடிக்கொண்டே இருக்கும், சிந்துகிறதை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். அவன் அப்பா கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இவனாவது தரையில் நிற்கட்டும் என்று, நான்தான் தலைவர் வீட்டு வாசலில் போய்ப் போய் நின்று அந்த வேலையை வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சூடு தாங்காமல் உள்ளேயே விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார்கள். "கொஞ்ச நாள்ல பழகிரும்மா" என்றான். பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடும்.

இப்போது அந்தக் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டப் போகிறார்கள். முந்தினதைவிடப் பெரிசு. கட்டுவதற்கு முன்னால் ஊர்ச் சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டமாம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அதற்குப் பெயர். தலைவர் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற வீட்டு ஆட்களாகப் பார்த்துத்தான் ஏற்றினார். சீனியம்மாவும் அவளுடைய பாசிச் சங்கத்துப் பொம்பளைகளும் நடந்து வந்தார்கள். அவர்களைச் செக்போஸ்ட்டிலேயே மறித்துவிட்டார்கள், உள்ளே இடம் இல்லை என்று. நாங்கள் உள்ளே போனால் பாதி நாற்காலி காலி. எனக்கென்ன தெரியும், வருகிறவர்கள் வருவார்கள் என்று இருந்தேன்.

வேனில் வைத்துத் தலைவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். "பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போகணும். மைக்ல, 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை' அப்படின்னு சொல்லணும். சொல்லிட்டு வந்து உட்கார்ந்துரணும். அம்புட்டுத்தான். அங்க போயி உங்க மாமியார் கதையெல்லாம் அவுத்து விடப்படாது."

"ஆட்சேபணைன்னா என்ன தலைவரே?" என்று கேட்டேன்.

"அது சர்க்கார் வார்த்தை, உனக்கு எதுக்கு? சொல்லிக் குடுத்ததைச் சொல்லு."

பக்கத்தில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படித்தவள். அவளிடம் கேட்டேன். "ஆட்சின்னு வருதுல்ல, அப்ப கவர்மெண்டு நமக்குச் செய்யிற உதவியா இருக்கும்" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அப்புறம் எதற்கு அது இல்லை என்று சொல்லச் சொல்கிறார், உதவி வேண்டாத அளவுக்கு நன்றாக இருக்கிறோம் என்று காட்டவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே போய்ப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது, தாயி. வாசலில் வாழைமரம். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு. மேடையில் ஆள் உயரத்துக்குக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் எரிகிறது. பெரிய அதிகாரி, கம்பெனிக்காரர்கள், எங்கள் தொகுதிக்காரர், அதான் எம்.எல்.ஏ., எல்லோரும் மாலையும் கையுமாக இருக்கிறார்கள்.

தொகுதிக்காரர்தான் முதலில் பேசினார். நன்றாகப் பேசுவார், சிரிப்பாகப் பேசுவார். "பூமி சூடாகுது, பூமி சூடாகுதுன்னு நாலு பேரு துண்டறிக்கை குடுத்துக்கிட்டுத் திரியிறான். வெள்ளைக்காரன் நூறு வருசமா எரிச்சான், அப்பச் சூடாகலை. நம்ம வீட்டுல ஒரு பேன் ஓடுனா சூடாயிருமாம். ஏய்யா, ராமநாதபுரம் சீமையில சூடு இல்லாம ஊட்டியிலயா இருக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போது தை மாதம். அவர் பேசி முடிப்பதற்குள் மூன்று தரம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கொடுத்த நோட்டீஸால் விசிறிக்கொண்டே சிரித்தோம்.

அப்புறம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பஞ்சவர்ணமும் சொன்னாள். என் பேரைக் கூப்பிட்டார்கள். போனேன். மைக்குக்கு நேர் எதிரே அந்த விளக்கு.

இதைத்தான் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை, தாயி. நீங்களாவது கேளுங்கள். எரிகிற விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டு 'இல்லை' என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்து போனால்கூட, 'பானை நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வோம். களஞ்சியத்துக்கு முதலில் பெண் பார்த்த இடத்தில், வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு, "பாக்கு இருக்கா?" என்று கேட்டதற்கு ஒரு கூறுகெட்டவன், "இல்லை" என்றான். அந்தச் சம்பந்தம் ஒரு வாரம் தாங்கவில்லை. அது என் மனசுக்குள்ளேயே இருக்கிறது. இதுவும் என் பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கு நடக்கிற நல்ல காரியம். என் வாயால் அவச்சொல் விழலாமா?

"எனக்கு ஆட்சேபணை..." என்று சொல்லிவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை. விளக்கு பார்க்கிறது, அதிகாரி பார்க்கிறார். "ஆட்சேபணை நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

வாழ்த்துகிற மாதிரிதான் சொன்னேன். கையைக்கூடக் கும்பிட்டேன்.

தொகுதிக்காரர் துண்டை எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அதிகாரி, கண்ணாடி போட்டவர், சின்ன வயசு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. என்னென்னன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க. நாங்க கேட்கத்தான் வந்திருக்கோம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, தாயி. என்னை யாரும் சொல்லு என்று சொன்னதே கிடையாது. நிறுத்து என்றுதான் சொல்வார்கள். புருஷன் இருந்தவரைக்கும் அவர் சொன்னார், அப்புறம் மகன் சொன்னான், இப்போது மருமகள் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். இந்த மனுஷர், மாலை போட்ட பெரிய மனுஷர், சொல்லுங்கம்மா என்கிறார். சரி, நம்மிடம் கஷ்டத்தைக் கேட்கிறார், ஏதோ செய்யப் போகிறார் என்று நினைத்துச் சொன்னேன்.

என்ன சொன்னேன்? இருக்கிறதைச் சொன்னேன். கடல் சுடுகிறது என்றேன். முன்னெல்லாம் முங்கினால் பல் கிட்டிக்கும், இப்போது முங்கினால் அடுப்பில் வைத்த அண்டாவுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றேன். பார் முழுக்க வெளுத்துக் கிடக்கிறது, சுண்ணாம்பு அடித்த மாதிரி. தொட்டால் பொடிகிறது. மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்று, நல்ல விலைக்குப் போகும், அது கையில் எடுத்தாலே கூழாகப் போகிறது. எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கிறது, தீவுக்கு அந்தப் பக்கம் போனாலும் இப்படித்தான். வாடைக்காற்று வர வேண்டிய மாசத்தில் வரவில்லை. மழை, வேண்டாத மாசத்தில் கொட்டிக் காயப் போட்ட பாசியை அள்ளிக்கொண்டு போகிறது. குடிதண்ணீர்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன், வாய்க்குப் பிடிக்காமல் துப்புகிறாள். தலைவர் ஓடி வந்து, "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலை சார்" என்று மைக்கைப் பிடித்தார். நான் விடவில்லை. எனக்கு ஒன்றும் செய்யவில்லை தலைவரே, சார் கேட்கிறார், சொல்லி முடித்துவிடுகிறேன் என்றேன். அதுதான் அந்த வீடியோவில் எல்லோரும் சிரிக்கிற இடம்.

இறங்கி வந்த பிறகு பஞ்சவர்ணம் பக்கத்தில் உட்காரவில்லை. வேனில் எனக்கு இடம் இருந்தது, ஆனால் அதில் பை வைத்திருந்தார்கள்.

நடந்துதான் வந்தேன். செக்போஸ்ட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் சீனியம்மா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசி நாலைந்து வருஷம் இருக்கும். மகனைக் கம்பெனியில் சேர்த்த அன்றைக்கு, "அண்ணன் மகனைக் கொண்டுபோயி அடுப்புல வெச்சுட்டீகளே மதினி" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அன்றைக்கு அவளே எழுந்து வந்தாள்.

"மதினி, தொண்டை கிழியக் கத்துனோம். எங்களைக் கேட்டுக்குள்ள விடலை. நீங்க அவுக வேன்லயே போயி, அவுக மைக்லயே சொல்லிட்டு வந்துட்டீக."

"நான் தெரியாமச் சொன்னேன், சீனி. அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறயாம்."

"தெரிஞ்சு சொன்ன எங்களை எவன் கேட்டான்?" என்றாள்.

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கெங்கேயோ எரிக்கிற கரிப்புகை எல்லாம் மேலே போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறதாம். உள்ளே இருக்கிற சூடு வெளியே போக மாட்டாமல் கடலெல்லாம் காய்கிறதாம். நம்ம ஊர் ஒன்றினால் வந்ததில்லை, எல்லா ஊரும் சேர்ந்து செய்தது என்கிறாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் கோபம்தான் வந்தது. கேளுங்கள், தாயி. என் மகன் அள்ளிப் போடுகிற கரி என் கடலைக் காய்ச்சுகிறதாம். ஒரு வீட்டில் மகன் செய்கிற வேலை அம்மா தொழிலைக் கெடுக்குமா? அப்படியும் ஒரு பேச்சு உண்டா? படிக்காதவள் என்று என்ன வேண்டுமானாலும் சொல்வதா? அவன் அவ்வளவு பாடுபட்டு, முகமெல்லாம் கரியாக வந்து நிற்கிறான். அதெல்லாம் இருக்காது. இது வேறு ஏதோ கோளாறு. ஊர்க்கண் பட்டிருக்கும். கடலுக்கும் கண் படும்.

பஸ் நிற்கிறதே, எந்த ஊர்? சரி, இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து எனக்குச் சால்வை போட்டார்கள். கம்பளிச் சால்வை, அந்த வெயிலில். போட்டோ எடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் ஆட்சியில்தான் முதல் கம்பெனி வந்தது என்று சீனியம்மா சொன்னாள். எனக்கு அதெல்லாம் நினைவில்லை.

புதுக் கம்பெனிக் காரியம் என் பேச்சால் அப்படியே நிற்கிறதாம். எழுதி ஏறிவிட்டதாம், அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாதாம். கொஞ்ச நாளில் களஞ்சியத்துக்குக் கேட் பாஸ் நிறுத்திவிட்டார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால் தலைவரைக் கேளு என்கிறான். தலைவரைக் கேட்டால், "உங்கம்மாவைக் கேளு" என்கிறார்.

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன், ஆறிப் போயிருக்கும். கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கரி போகவே போகாது, ரேகைக்குள் இருக்கும். மருமகளுக்கு மாசம் நெருங்குகிறது. நேற்றுத் தலைவர் வீட்டுக்கே வந்தார். "நம்புத்தாய், ஒண்ணும் இல்லை. ஆபீசுக்கு வந்து, தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லு. பையன் மறுநாளே உள்ள போயிருவான்" என்றார்.

"தாராளமாச் சொல்றேன் தலைவரே. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"வார்த்தை மட்டும் பத்தாது. அதுக்கப்புறம் சொன்னியே, அதுதான் எழுத்துல ஏறியிருக்கு. கடலு நல்லாத்தான் இருக்கு, பாசி நல்லாத்தான் இருக்கு, யாரோ சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சுட்டேன்னு சொல்லணும்" என்றார்.

நான் களஞ்சியத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வார்த்தைதானேம்மா" என்றான். சின்னப் பிள்ளையில் என் முதுகைப் பிடித்துக்கொண்டு முங்கினவன். பாருக்கு மேலே மேய்கிற மீனுக்கெல்லாம் இவன் பேர் வைத்திருந்தான். அவன்தான் சொன்னான், ஒரு வார்த்தைதானே என்று. சரிடா, சொல்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் போகிறேன். பிள்ளையைவிடக் கடல் பெரிசா? நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள், தாயி. நீங்கள் அந்த அதிகாரி மாதிரி என்னைக் கேளுங்கள். நான் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துப் பழகினதோடு சரி. 'நம்புத்தாய், கடல் எப்படி இருக்கு' என்று கேளுங்கள்.

கடல் நல்லா இருக்கு சார். சுடலை சார். வெயில் நேரத்துல கொஞ்சம் சுடும், விடியக்காலமும் சுடும்...

இல்லை, இருங்கள். தப்பாகப் போகிறது. மறுபடியும் கேளுங்கள். அதட்டாதீர்கள், அவர் அதட்ட மாட்டார். அதுதான் கஷ்டமே. அதட்டினால் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

பாசி நல்லா இருக்கு சார். போன வருசம் மாதிரியே இருக்கு. போன வருசம்தான் சார் முதமுதல்ல கூழாப் போச்சு.

பாருங்கள், வாய் தானாகப் போகிறது. சிரிக்காதீர்கள். இன்னொரு தரம். கடல் நல்லா இருக்கு சார், யாரோ சொல்லிக் குடுத்ததைச் சொல்லிட்டேன். யார் சொல்லிக் குடுத்தாங்க என்று கேட்டால்? அதற்குத் தலைவர் ஒன்றும் சொல்லித் தரவில்லையே. சீனியம்மா என்று சொல்லவா? அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? அவள் சொல்லித் தரவில்லை, தாயி. சண்டைக்காரிதான், ஆனால் அவள் சொல்லித் தரவில்லை. நான் தண்ணீருக்குள் இருந்தேன், எனக்குச் சுட்டது, சொன்னேன்.

என்ன, வந்துவிட்டதா? அதோ அந்த மஞ்சள் கட்டடமா? ஆமாம், தலைவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, குடை. செல்லில் யாருடனோ பேசுகிறார். சரி, இறங்குகிறேன். பையை எடுத்துக் கொடுங்கள்.

இருங்கள். என் ஒரு கால் செருப்பைக் காணோம். சீட்டுக்கு அடியில் போயிருக்கும். கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறு. குனிந்து பார்க்கிறேன். இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. உங்கள் காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள், தாயி. கம்பிக்குப் பின்னால் ஏதோ தெரிகிறது, அது பேப்பர். ஏறுகிறவர்கள் ஏறட்டும், தம்பி. தேடுகிறேன். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளம்பிவிட்டானா?

தலைவர் பார்த்தாரா? நான் குனிந்துதானே இருந்தேன், தலை தெரிந்திருக்காது. விசில் அடிக்கச் சொல்லாதீர்கள். வேண்டாம். இந்த வெயிலில் யார் திரும்பி நடந்து போவது.

செருப்பா? காலில்தான் இருக்கிறது. எங்கே போகும்?

செல் அடிக்கிறது. களஞ்சியமாக இருக்கும். தலைவர் அவனுக்கு அடித்திருப்பார். எடுத்துத்தான் ஆக வேண்டும், என் பிள்ளை. வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இறங்க முடியவில்லை என்று சொல்கிறேன். அவன் நம்புவான். அவனே விழுந்து எழுந்தவன்தானே. தலைவர்கூட நம்புவார்.

அடித்து நின்றுவிட்டது. மறுபடியும் அடிப்பான்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும், தாயி? கடைசி ஸ்டாப்பா. சரி. அதுவரைக்கும் நானும் வருகிறேன்.